கல்வியியல் புலத்தில் டீன் ஆவது எப்படி? புதிதாகப் பணியில் சேருபவர்களுக்கு ஒரு கணக்கு

தமிழ்நாட்டில் ‘டீன்’ என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருபவர் அரசு ஆஸ்பத்திரி டீன்தான். அவரை நியமிப்பது சுகாதாரத் துறை. அந்தப் பாதை முற்றிலும் வேறு. பி.எட். கல்லூரியில் இருப்பவரும் டீன் அல்ல, முதல்வர். இங்கே பேசப்போவது பல்கலைக்கழகத்தில் ஒரு புலத்துக்கு (துறைகளை உள்ளடக்கிய பெரிய பிரிவு) தலைமை வகிக்கும் டீனைப் பற்றி, அதிலும் கல்வியியல் புலத்து டீனைப் பற்றி. எம்.எட். முடித்துவிட்டு அடுத்து என்ன என்று யோசிப்பவர்களுக்கும், உதவிப் பேராசிரியராகச் சேர்ந்து ஓரிரு ஆண்டு ஆனவர்களுக்கும் இது பயன்படும்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைந்துவிடலாம். அரசுப் பல்கலைக்கழகத்தில் டீன் பதவி பெரும்பாலும் விளம்பரம் பார்த்து விண்ணப்பித்து வாங்குவது அல்ல. திருவாரூரில் உள்ள தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதை நிறுவிய மத்தியப் பல்கலைக்கழகங்கள் சட்டம், 2009 இணைத்திருக்கும் சட்டவிதிகளின்படி, ஒரு புலத்தின் பேராசிரியர்களில் இருந்து, பணிமூப்பு வரிசையில், சுழற்சி முறையில், 3 ஆண்டுகளுக்குத் துணைவேந்தர் டீனை நியமிக்கிறார். நேர்முகத் தேர்வு கிடையாது, போட்டி கிடையாது, வரிசை மட்டுமே. ஆகவே டீன் ஆவதற்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்பதைவிட, எந்த வயதில் பேராசிரியர் வரிசைக்குள் நுழைவோம் என்று கேட்பதே சரியான கேள்வி. அதற்குப் பின்னோக்கிக் கணக்குப் போட வேண்டும்.

வயதுக் கணக்கு

21 வயதில் இளங்கலை முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். பாட முதுகலை 2 ஆண்டு, பி.எட். 2, எம்.எட். 2. வயது 27. பிஎச்.டி.க்கு யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) வைத்திருக்கும் குறைந்தபட்சக் காலம் 3 ஆண்டு. மூன்றில் முடித்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை, 4 என்றே போடுவோம். 31 வயதில் உதவிப் பேராசிரியர் வேலை கிடைத்தால் அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய், கல்விச் சம்பள நிலை 10.

அங்கிருந்து மேலே ஏறும் ஏணிக்கு சி.ஏ.எஸ். என்று பெயர், தமிழில் பணி மேம்பாட்டுத் திட்டம். யுஜிசியின் 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறை விதிகளின்படி, பிஎச்.டி. உள்ளவருக்கு நிலை 10இல் இருந்து 11க்கு 4 ஆண்டு, 11இல் இருந்து 12க்கு 5, 12இல் இருந்து இணைப் பேராசிரியருக்கான 13ஏ நிலைக்கு 3, அங்கிருந்து பேராசிரியருக்கான 14ஆம் நிலைக்கு 3. மொத்தம் 15 ஆண்டு. அதாவது 46 வயதில் பேராசிரியர். நெட் (தேசியத் தகுதித் தேர்வு) மட்டும் வைத்துக்கொண்டு சேர்ந்தவருக்கு முதல் படியே 6 ஆண்டு. இணைப் பேராசிரியர் ஆக எப்படியும் பிஎச்.டி. வேண்டும் என்பதால், அதைத் தள்ளிப்போடுவதில் லாபம் ஒன்றும் இல்லை.

இன்னொரு வழி நேரடி நியமனம். 8 ஆண்டு அனுபவம் இருந்தால் வேறு பல்கலைக்கழகத்தில் இணைப் பேராசிரியருக்கும், 10 ஆண்டு இருந்தால் பேராசிரியருக்கும் விண்ணப்பிக்கலாம். கிடைத்தால் 41 வயதிலேயே பேராசிரியர். ஆனால் போகிற இடத்தில் உங்களுக்கு முன்பே பேராசிரியர் ஆனவர்கள் வரிசையில் நிற்பார்கள், நீங்கள் கடைசியில் போய் நிற்பீர்கள். பத்துப் பேராசிரியர் இருக்கும் பெரிய புலம் என்றால் ஆளுக்கு மூன்றாண்டு வீதம் உங்கள் முறை வர முப்பதாண்டு ஆகலாம். உங்களையும் சேர்த்து இருவர் மட்டுமே உள்ள சின்னப் புலத்தில் மூன்றாண்டில் வந்துவிடும்.

சட்டவிதியில் பலர் கவனிக்காத ஒரு விலக்கும் உண்டு. ஒரு புலத்தில் ஒரே ஒரு பேராசிரியர்தான் இருக்கிறார், அல்லது யாருமே இல்லை என்றால், அவரையும் இணைப் பேராசிரியர்களையும் சேர்த்துத் தற்காலிகமாகச் சுழற்சியில் டீன் ஆக்கலாம். புதிதாகத் தொடங்கிய பல்கலைக்கழகங்களில் இணைப் பேராசிரியர் நிலையிலேயே டீன் பொறுப்பு தலையில் விழுவது இப்படித்தான்.

ஓய்வு வயதையும் சேர்த்துப் பாருங்கள். மத்தியப் பல்கலைக்கழகத்தில் 65. அந்த வயது ஆனதும் டீன் பதவிக்காலம் பாக்கி இருந்தாலும் முடிந்துவிடும். தமிழ்நாட்டு மாநிலப் பல்கலைக்கழகங்களில் 60. அந்த ஐந்து ஆண்டு வித்தியாசம் வரிசையில் ஒரு முழு டீன் காலத்துக்கும் மேலானது.

உள்ளே நுழைவது

கல்வியியலில் மற்ற துறைகளைவிடத் தகுதிப் பட்டியல் நீளம். பாடத்தில் முதுகலை 55 சதவீதம், எம்.எட். 55 சதவீதம், அதன் மேல் நெட் அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு) அல்லது பிஎச்.டி. பட்டியல் சாதி, பழங்குடி, கிரீமிலேயர் அல்லாத ஓபிசி, மாற்றுத்திறனாளிகளுக்கு மதிப்பெண்ணில் 5 சதவீதத் தளர்வு. ஆசிரியர் கல்விக்கு என்சிடிஇயின் (தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம்) விதிகளும் தனியாக உண்டு என்பதால், எம்.ஏ. கல்வியியல் மட்டும் படித்தவர்கள் விண்ணப்பிக்கும் முன் குறிப்பிட்ட பணியிடத்துக்கு அது செல்லுமா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

நெட் தேர்வில் முதல் தாள் 50 கேள்வி, இரண்டாம் தாள் 100, மூன்று மணி நேரம், மொத்தம் 300 மதிப்பெண், தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பது இல்லை. உதவிப் பேராசிரியர் தகுதிக்கு வயது வரம்பு கிடையாது. ஜேஆர்எஃப் (இளநிலை ஆராய்ச்சி) உதவித்தொகைக்கு மட்டும் 30, சில பிரிவினருக்குத் தளர்வோடு. முதல் தாளைக் கல்வியியல் மாணவர்கள் அலட்சியம் செய்வதைப் பார்க்கிறேன். கற்பித்தல் திறன், ஆராய்ச்சி முறை எல்லாம் அதில்தான் வருகின்றன, எம்.எட். படித்தவருக்குப் பாதி வேலை ஏற்கெனவே முடிந்த தாள் அது.

கௌரவ விரிவுரையாளராகச் சேர்ந்திருப்பவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. தற்காலிகப் பணி சி.ஏ.எஸ். கணக்கில் சேர வேண்டுமானால், முறையான தேர்வுக் குழு வழியாக நியமனம் நடந்திருக்க வேண்டும், தகுதி குறைந்திருக்கக் கூடாது, மாத மொத்த ஊதியம் நிரந்தர உதவிப் பேராசிரியரின் மொத்த ஊதியத்துக்குக் குறையாமல் இருந்திருக்க வேண்டும். தொகுப்பூதியத்தில் வேலை செய்பவர்களில் இந்தக் கடைசி நிபந்தனையைத் தாண்டுபவர் அபூர்வம். எட்டாண்டு பாடம் நடத்திவிட்டு அந்த எட்டும் கணக்கில் வராது என்று பின்னால் தெரிந்துகொள்வது கொடுமை. அந்த வேலையை ஏற்பதில் தவறில்லை, பிஎச்.டி.யை முடிக்கும் காலமாக அதை வைத்துக்கொள்ளுங்கள், மூப்பு சேரும் காலமாக எண்ண வேண்டாம்.

மதிப்பெண் சேர்ப்பது

சி.ஏ.எஸ். வழியாக இணைப் பேராசிரியர் ஆக ஆராய்ச்சி மதிப்பெண் 70, பேராசிரியர் ஆக 110. நேரடி நியமனத்துக்கு முறையே 75, 120. கல்வியியல் இருக்கும் கலை, சமூக அறிவியல் பிரிவில் ஒரு ஆய்வுக் கட்டுரைக்கு 10. இருவர் சேர்ந்து எழுதினால் ஆளுக்கு 7. மூவர், நால்வர் என்றால் முதல் ஆசிரியருக்கு 7, மற்றவர்களுக்குத் தலா 3. ஐந்தாவது பெயராகப் போய் ஒட்டிக்கொள்வதால் பெரிதாக ஒன்றும் சேராது.

ஒரு மாதிரிக் கணக்கு: தனியாக எழுதியவை 5 கட்டுரை (50), இருவராக எழுதியவை 5 (35), தேசிய அளவிலான பதிப்பகம் வெளியிட்ட ஒரு நூல் (10), தொகுப்பு நூலில் ஓர் அத்தியாயம் (5), உங்கள் வழிகாட்டலில் பட்டம் பெற்ற ஒரு பிஎச்.டி. மாணவர் (10). சரியாக 110. இதழின் தாக்கக் காரணியைப் பொறுத்துக் கூடுதலும் உண்டு. குறைந்தது மூன்று வகைகளில் இருந்து மதிப்பெண் வர வேண்டும் என்ற நிபந்தனை இருப்பதால், கட்டுரைகளை மட்டும் குவித்துப் பயனில்லை. பிஎச்.டி. மாணவரைத் தாமதமாக எடுப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். இன்று சேரும் மாணவர் பட்டம் வாங்கக் குறைந்தது மூன்று, பெரும்பாலும் ஐந்து ஆண்டு. வழிகாட்டியாகும் தகுதி வந்த ஆண்டே முதல் மாணவரை எடுங்கள். உதவிப் பேராசிரியர் ஒரே சமயத்தில் 4 பேர் வரையும், இணைப் பேராசிரியர் 6, பேராசிரியர் 8 வரையும் வழிநடத்தலாம்.

எந்த இதழில் எழுதுவது என்பது தனித் தலைவலி. யுஜிசி ஏற்ற இதழ்களின் கேர் பட்டியல் இருந்தவரை அதைக் காட்டித் தப்பிக்கலாம். 2025 பிப்ரவரியில் யுஜிசி அதைக் கைவிட்டது. இனி ஆசிரியர் குழு யார், சக அறிஞர் மதிப்பாய்வு உண்மையாக நடக்கிறதா என்று நாமே பார்க்க வேண்டும். பணம் கட்டினால் பத்து நாளில் அச்சேற்றும் இதழ்கள் வாட்ஸ்அப்பில் விளம்பரம் செய்கின்றன. அதில் வந்த ஒரு கட்டுரை, தேர்வுக் குழுவில் இருக்கும் வெளி நிபுணர் கண்ணில் பட்டால், மற்ற ஒன்பதையும் சந்தேகத்தோடுதான் படிப்பார்.

இவற்றோடு 21 நாள் தொடக்கப் பயிற்சி, புத்தாக்கப் பயிற்சிகள் கட்டாயம். முன்பு மனிதவள மேம்பாட்டு மையங்கள் நடத்தியவை. இப்போது அவற்றுக்கு மாளவியா மிஷன் ஆசிரியர் பயிற்சி மையம் என்று பெயர். தகுதிக் காலம் முடிந்த பிறகு பயிற்சிக்கு ஓடினால் பதவி உயர்வுத் தேதி தள்ளிப்போகும்.

விதிகள் மாறக்கூடியவை. 2025 ஜனவரியில் யுஜிசி ஒரு புதிய வரைவை வெளியிட்டது. துணைவேந்தர் நியமனம் தொடர்பான பகுதிகளை எதிர்த்துத் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. இந்தக் கணக்குகள் எல்லாம் 2018 விதிகளின்படி போட்டவை. விண்ணப்பிக்கும் ஆண்டில் எது நடைமுறையில் இருக்கிறதோ அதை எடுத்துப் படியுங்கள்.

தேதிகளைக் காப்பாற்றுங்கள்

மூப்பு என்பது ஒரு பதவியில் இடைவெளியின்றிப் பணியாற்றிய காலம். மத்தியப் பல்கலைக்கழகச் சட்டவிதிப்படி மூப்புப் பட்டியலைத் தயாரித்துப் பராமரிப்பது பதிவாளரின் வேலை. இருவருக்குச் சமமான காலம் வந்தாலோ, சந்தேகம் எழுந்தாலோ, நீங்கள் கேட்டால் அவர் விஷயத்தைச் செயற்குழுவுக்குக் கொண்டுபோயே ஆக வேண்டும். செயற்குழுவின் முடிவே இறுதி.

எனவே ஒரு நாள் வித்தியாசம் ஒரு டீன் காலத்தை இடம் மாற்றிவிடும். தகுதிக் காலம் முடிந்தவுடன் விண்ணப்பித்து வெற்றி பெற்றால், நேர்முகம் இரண்டு ஆண்டு கழித்து நடந்தாலும் தகுதி பெற்ற தேதியில் இருந்தே பதவி உயர்வு கணக்காகும். நீங்களே தாமதித்து விண்ணப்பித்தால் அந்தச் சலுகை இல்லை. விண்ணப்பத்தை ஒப்படைத்ததற்கு முத்திரையிட்ட நகல், பணியில் சேர்ந்த அறிக்கை, பயிற்சிச் சான்றிதழ்கள், விடுப்பு ஆணைகள் ஆகியவற்றை ஒரு கோப்பிலும், ஸ்கேன் செய்து வேறோர் இடத்திலும் வையுங்கள். மூப்புப் பட்டியல் சுற்றுக்கு வரும்போது கையெழுத்துப் போடுவதற்கு முன் உங்கள் வரியை மட்டுமாவது நிறுத்திப் படியுங்கள். தப்பைப் பத்தாண்டு கழித்துச் சுட்டிக்காட்டினால் சண்டைக்காரர் என்ற பெயர்தான் மிஞ்சும்.

நாற்காலிக்கு முன்பே பழக வேண்டியவை

வரிசை உங்களை டீன் ஆக்கிவிடும், நிர்வாகம் சொல்லித்தராது. நல்ல ஆராய்ச்சியாளர்கள் தடுமாறும் இடம் இது. விடுதிக் காப்பாளர், தேர்வுப் பணி, நாட்டு நலப்பணித் திட்டம், உள்தர உறுதிக் குழு என்று சின்னப் பொறுப்புகள் வரும்போது ஒதுங்காதீர்கள். சி.ஏ.எஸ். மதிப்பீட்டில் இவையும் சேரும். அதைவிட முக்கியம், கோப்பு எழுதப் பழகுவீர்கள். ஒரு பக்கக் குறிப்பில் கோரிக்கை என்ன, எந்த விதி அனுமதிக்கிறது, எந்தத் தலைப்பில் நிதி இருக்கிறது என்று எழுதத் தெரிந்தவரின் கோப்பு நிதி அலுவலரிடம் சிக்குவதில்லை. பொது நிதி விதிகள், 2017ஐயும், ஜெம் என்னும் அரசுக் கொள்முதல் இணையதளத்தில் பொருள் வாங்கும் நடைமுறையையும் ஒருமுறை உட்கார்ந்து படியுங்கள். படிக்கச் சலிப்பானவைதான், ஆய்வகத்துக்குப் புரொஜெக்டர் வாங்கும் நாளில் அருமை தெரியும்.

நடுவில் துறைத் தலைவர் பொறுப்பு வந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். கால அட்டவணைச் சண்டை, மாணவர் புகார், விடுப்பு விண்ணப்பம் எல்லாம் அந்த மேசையில்தான் முதலில் வந்து விழும்.

கல்வியியல் டீனின் உண்மையான வேலை

சட்டவிதி சொல்வது சுருக்கமானது: புலத்தின் கற்பித்தல், ஆராய்ச்சித் தரத்துக்கு டீன் பொறுப்பு. புலக் குழுக் கூட்டத்துக்கு அவரே தலைமை. பாடத்திட்டக் குழுக் கூட்டங்களில் உட்காரலாம், பேசலாம். உறுப்பினராக இல்லாவிட்டால் வாக்களிக்க முடியாது. இந்த வரியைப் படித்துச் சிரிப்பவர்கள் உண்டு. ஆனால் டீனின் அதிகாரம் எப்படிப்பட்டது என்பதை இது துல்லியமாகச் சொல்லிவிடுகிறது. உத்தரவு போட்டு நடத்தும் பதவி இல்லை இது. நேற்றுவரை பக்கத்து அறையில் இருந்தவர்களைச் சம்மதிக்கவைத்து நடத்த வேண்டும். மூன்றாண்டு கழித்து அதே அறைக்குத் திரும்பவும் வேண்டும். மத்தியப் பல்கலைக்கழகத்தில் டீனுக்கென்று தனிச் சம்பள நிலை இல்லை. 1,44,200 ரூபாயில் தொடங்கும் பேராசிரியர் சம்பளம்தான் தொடரும்.

மற்றப் புலங்களுக்கு இல்லாத ஒரு சுமை கல்வியியல் டீனுக்கு உண்டு: பள்ளிக்கூடங்கள். என்சிடிஇயின் 2014ஆம் ஆண்டு விதிகளின்படி இரண்டாண்டு பி.எட். மாணவர் 20 வாரம் பள்ளியில் இருக்க வேண்டும், முதலாண்டில் 4, இரண்டாமாண்டில் 16. ஒரு பிரிவுக்கு 50 மாணவர், இரண்டு பிரிவு என்றால் 100. அத்தனை பேருக்கும் பாடவாரியாகப் பள்ளி தேட வேண்டும், முதன்மைக் கல்வி அலுவலரிடம் அனுமதி வாங்க வேண்டும், பேருந்து போகும் ஊர்களாகப் பார்க்க வேண்டும்.

இதில் என் யோசனை: 16 வாரத்தை ஜூலையில் தொடங்கி நவம்பருக்குள் முடித்துவிடுங்கள். ஜனவரி பிறந்துவிட்டால் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு நெருக்கடியில் எந்தத் தலைமையாசிரியரும் பயிற்சி ஆசிரியருக்கு வகுப்புத் தர மாட்டார். தந்தாலும் ஆறாம் வகுப்பில் ஆள் வராத பீரியடுக்கு அனுப்புவார். அனுமதிக் கடிதத்தை மே மாதமே அனுப்புங்கள். கடிதம் அனுப்பியதோடு விடாமல், பள்ளி திறந்த இரண்டாம் வாரத்தில் நேரில் போய்த் தலைமையாசிரியரைப் பாருங்கள். பயிற்சி ஆசிரியர்களால் அந்தப் பள்ளிக்கு என்ன கிடைக்கும் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நூலகத்தை ஒழுங்குபடுத்துவதோ, மெல்லக் கற்கும் பிள்ளைகளுக்கு மாலை வகுப்போ, ஏதாவது ஒன்று இருக்கும். அடுத்த ஆண்டு அவரே கூப்பிடுவார்.

அடுத்தது ஆசிரியர் எண்ணிக்கை. நூறு மாணவர் பி.எட்.டுக்கு 16 ஆசிரியர் வேண்டும். எம்.எட்.டில் 50 பேருக்குப் பத்து ஆசிரியர், அதில் இரண்டு பேராசிரியர், இரண்டு இணைப் பேராசிரியர். ஒருவர் ஓய்வு பெறும் தேதி உங்களுக்கு ஆண்டுக்கணக்கில் முன்பே தெரியும். காலியிடக் கோப்பை அப்போதே நகர்த்தாமல் விட்டால், அங்கீகாரம் குறித்த விளக்கக் கடிதத்துக்குப் பதில் எழுதிக்கொண்டிருப்பீர்கள். 2023-24இல் முன்னோடியாகத் தொடங்கிய நான்காண்டு ஒருங்கிணைந்த ஆசிரியர் கல்விப் படிப்பு உங்கள் புலத்தில் இருந்தால், அறிவியல், மொழித் துறைகளோடும் ஆசிரியர் பகிர்வு பேச வேண்டிவரும். அந்தத் துறைகள் உங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்டவை அல்ல.

தேர்வுக் குழுவிலும் டீன் உட்காருவார். பழைய மாணவர், உறவினர், ஊர்க்காரர் என்று யாராவது விண்ணப்பித்திருந்தால் முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்து விலகிக்கொள்ளுங்கள். வாயால் சொன்னது பதிவில் இருக்காது.

தனியார் பல்கலைக்கழகம் என்றால்

நிகர்நிலை, தனியார் பல்கலைக்கழகங்களில் கதை வேறு. அங்கே டீனை நிர்வாகம் நியமிக்கிறது. நாற்பது வயதிலும் ஆகலாம், ஓர் ஆண்டில் போகவும் செய்யலாம். டீன் (ஆராய்ச்சி), டீன் (மாணவர் நலன்), டீன் (சேர்க்கை) என்று பல டீன்கள் இருப்பார்கள். நியமனக் கடிதத்தில் கையெழுத்திடும் முன் நான்கு கேள்வி கேளுங்கள். பதவிக்காலம் எத்தனை ஆண்டு? டீன் பொறுப்பு முடிந்தால் பேராசிரியர் வேலை தொடருமா? வாரத்துக்கு எத்தனை மணி வகுப்பு? மாணவர் சேர்க்கை இலக்கு என் தலையில் எழுதப்படுமா? கடைசிக் கேள்விக்கு மழுப்பலாகப் பதில் வந்தால், ஆமாம் என்றே எடுத்துக்கொள்ளலாம்.

பொறுப்பேற்ற மாதமும் விட்டுப்போகும் மாதமும்

முதல் மாதம் புதுத் திட்டம் எதையும் அறிவிக்காதீர்கள். கடந்த மூன்றாண்டுப் புலக் குழு நடவடிக்கைக் குறிப்புகளை வரிசையாகப் படியுங்கள். தீர்மானம் போட்டு அப்படியே கிடப்பவை பல இருக்கும். அவற்றில் செலவில்லாத இரண்டை முடித்துக்காட்டினாலே சக ஆசிரியர்கள் நம்பத் தொடங்குவார்கள். புல அலுவலகத்தின் பிரிவு அலுவலரோடு நல்ல உறவு வைத்துக்கொள்ளுங்கள். டீன்கள் மாறுவார்கள், அவர் பெரும்பாலும் அங்கேயே இருப்பவர், எந்தக் கோப்பு எங்கே என்று தெரிந்தவர். வாரத்தில் ஒரு வகுப்பாவது விடாமல் எடுங்கள், உங்கள் பிஎச்.டி. மாணவர்களுக்கு ஒரு பிற்பகலை ஒதுக்குங்கள். துணைவேந்தர் பதவிக்குப் பேராசிரியராகப் பத்தாண்டு அனுபவம் கேட்கப்படுவதால், அந்த நோக்கம் இருப்பவர்களுக்கு டீன் காலத்திலும் ஆராய்ச்சி தொடர்வது உதவும். அந்த நோக்கம் இல்லாதவர்களுக்கோ, 3 ஆண்டு எழுதாமல் இருந்துவிட்டு மறுபடி எழுத உட்காருவது பெரும்பாடு.

போகிற மாதத்தில் பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியல் ஒன்றை நீங்களே தட்டச்சு செய்யுங்கள்: நிலுவைக் கோப்புகள், என்சிடிஇ கடிதங்களும் பதில் தர வேண்டிய தேதிகளும், அந்த ஆண்டுப் பயிற்சிப் பள்ளிகளின் பட்டியலும் தொடர்புக்குரியவர்களும், செலவாகாத நிதித் தலைப்புகள், அடுத்த மூன்றாண்டில் ஓய்வு பெறுபவர்களின் தேதிகள். இரண்டு நகல் எடுத்து, ஒன்றில் புதிய டீனின் கையெழுத்தை வாங்கி உங்கள் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். தணிக்கைக் கேள்வி பெரும்பாலும் நீங்கள் நாற்காலியை விட்டு எழுந்த பிறகுதான் வரும்.